தூணில் நிற்பவர் யார்?

போன மாதம் சமய வகுப்பில் ஒரு தம்பி போனில் ஒரு படம் காட்டினான். ஆளுயர மரத்தூண், கோரைப்பல், பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு. "அண்ணா, இது என்ன சாமி?" போர்னியோ தயாக் மக்களுடையது என்று மட்டும் தெரியும். "அவங்க ஊரு முனீஸ்வரர்டா" என்று சொல்லி அனுப்பிட்டேன். பிறகு படித்துப் பார்த்தபோதுதான் என் அவசரம் புரிந்தது.

இந்தோனேசியாவின் மத்திய காலிமந்தானில் வாழும் ஙாஜு தயாக் மக்கள் இத்தகைய மர உருவங்களை ஹம்பாத்தோங் என்கிறார்கள். ஊர்க் காவலுக்கு நிறுத்தும் உருவங்கள் உண்டு. அந்த நாக்கும் பல்லும் கெட்ட ஆவிகளை விரட்டத்தான். இதுவரை என் பதில் பாதி சரி.

ஆனால் தம்பி காட்டியது சாபுண்டு. இறந்தவரின் எலும்புகளை எடுத்து, சாண்டுங் எனும் சிறு வீட்டில் வைக்கும் சடங்கு தீவா. செலவு அதிகம், அதனால் பல குடும்பங்கள் சேர்ந்து, இறந்து பல வருஷம் கழித்தும் செய்வார்கள். அதில் பலியிடும் எருமையைக் கட்டும் தூண்தான் சாபுண்டு. முற்காலத்தில் அடிமைகளையும் பலியிட்டார்கள். 1894-இல் தும்பாங் அனோயில் தயாக் தலைவர்கள் கூடி, தலை வேட்டையையும் அடிமை முறையையும் நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். தூணில் இருப்பவர் இறந்தவருக்கு மறுவுலகில் துணையாகப் போகிறவர். கும்பிடும் சாமி அல்ல. சில தூண்களில் தொப்பி போட்ட வெள்ளைக்காரன்கூட நிற்கிறான்!

அவர்கள் வணங்கும் கடவுள் ரன்யிங் ஹத்தால்லா. மரபின் பெயர் காஹாரிங்கான். அரசு ஏற்ற சமயங்களுக்கு வெளியே இருந்தால் 'சமயமே இல்லாதவர்' என்ற நிலை. 1980-இல் காஹாரிங்கான் இந்து சமயத்தின் கீழ் சேர்க்கப்பட்டது. படித்ததும் எனக்குப் பெருமையாத்தான் இருந்தது. ஆனால் இந்து காஹாரிங்கான் என்று இரண்டு சொல்லையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். 'எல்லாம் நம்மளோடதுதான்' என்று நான் சொன்னால், இரண்டாவது சொல்லை அழிக்கிற மாதிரி.

பொறியியல் மாணவன் என்பதால் மரத்தைப் பற்றியும் தேடினேன். உலின், நம்ம சரவாக்கில் பெலியான். தண்ணீரில் போட்டால் மூழ்கும், கரையான் லேசில் அரிக்காது. அதனால்தான் வெயில் மழையில் தலைமுறை தாண்டி நிற்கிறது. கலைப்பொருள் சந்தைக்காகத் திருடுகிறவர்களிடம்தான் தப்ப முடியவில்லை.

இந்த வாரம் தம்பியிடம் என் தப்பைச் சொல்லிட்டு, படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தேன். அது ஒரு விற்பனை விளம்பரம். விலை போட்டிருந்தது. எந்த ஊர், யாருடைய தீவாவுக்குச் செதுக்கியது என்று எங்குமே இல்லை.