கூரைக்குள் ஏறப்போகும் பிள்ளைகளுக்கு

அண்மையில் ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் வீட்டில், சாப்பாட்டுத் தட்டோடு ஒரு பெடியன் என்னைப் பிடித்துக்கொண்டான். “மாமா, ஹோம் இன்ஸ்பெக்டர் கோர்ஸ் முடிச்சிட்டன்.” எத்தனை அட்டிக்குக்குள் ஏறினாய் என்று கேட்டேன். “வீடியோவில நிறையப் பாத்தனான்” என்றான். பக்கத்தில் நின்ற தகப்பனுக்குப் பெருமை. சித்தப்பா வீடு விற்பனை முகவர் என்பதால் வேலைக்குப் பஞ்சமில்லையாம். இந்த வருடம் இப்படி வந்த நாலாவது பிள்ளை இவன்.

கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலுள்ள அட்டிக்கில் கிடக்கும் இன்சுலேசனைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது இந்தக் குளிர் நாட்டில் ஒரு பிழைப்பு. அதற்குள் வர மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, இன்சுலேசன் போடும் கம்பனியில் சேர்வது. லொறியில் இருக்கும் எந்திரத்தில் செலுலோஸ் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டுவதில் தொடங்கும். பிறகுதான் குழாயோடு மேலே விடுவார்கள். தூசியும் முதுகு நோவும் நிச்சயம்.

இரண்டாவது, எனர்ஜி அட்வைசர் ஆவது. மத்திய அரசின் இயற்கை வள அமைச்சுக்காக நடக்கும் இரண்டு தேர்வுகளை எழுத வேண்டும். வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி, 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்கி, வீடு எவ்வளவு காற்றைக் கசியவிடுகிறது என்று அளப்பார்கள். கணக்கு விருப்பமான பிள்ளைக்கு நல்ல வேலை. ஆனால் அரச மானியத்தோடு ஏறி இறங்கும். 2021இல் 5,000 டொலர் வரை கொடுக்கத் தொடங்கிய கிரீனர் ஹோம்ஸ் மானியம், 2024 தொடக்கத்தில் புதிய விண்ணப்பங்களை நிறுத்தியது. அதை மட்டும் நம்பி வராதீர்கள்.

மூன்றாவதுதான் எல்லாரும் ஓடும் வழி: வீடு வாங்குவோருக்காகப் பரிசோதிக்கும் ஹோம் இன்ஸ்பெக்டர். பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அல்பேர்ட்டாவிலும் இதற்கு உரிமம் வேண்டும். ஒன்ராறியோ 2017இல் சட்டம் இயற்றியும் அது நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே இங்கே சில மாதப் படிப்போடு பெயர் அட்டை அடித்துவிடலாம். பெற்றோருக்கும் பிடித்துப்போகிறது: கழுத்துப்பட்டி கட்டலாம், சொந்தத் தொழில், உறவுக்காரர் வேலை பிடித்துத் தருவார்.

அந்தக் கடைசிக் காரணம்தான் எனக்குப் பயம். சித்தப்பாவுக்கு வீடு விற்றால்தான் காசு. நீ குறை சொன்னால் விற்பனை முறியும். இரண்டு தரம் முறித்தால் மூன்றாம் தரம் உன்னைக் கூப்பிடமாட்டார். பாவம், நீயும் மெல்ல மெல்லக் கண்ணை மூடப் பழகுவாய்.

மூடாவிட்டாலும், பழகாத கண்ணுக்கு அட்டிக் ஒன்றும் சொல்லாது. ஏணியில் நின்று தலையை மட்டும் நீட்டி மூன்று படம் எடுப்பவனுக்கு எல்லாம் பஞ்சுமெத்தைபோலத்தான் தெரியும். புது வீடுகளுக்கு ஒன்ராறியோ கேட்கும் வெப்பத்தடை அளவு ஆர்-60. செலுலோஸில் கிட்டத்தட்ட 17 அங்குலம். ஏறும் துவாரத்துக்குப் பக்கத்தில் அவ்வளவு இருந்து, ஓரங்களில் நாலு அங்குலமாக இளைத்திருக்கும். கண்ணாடி இழை கறுத்திருந்தால் அது வெறும் அழுக்கில்லை. கீழிருந்து கசியும் காற்றை அது வடிகட்டியிருக்கிறது. குளியலறைக் காற்றாடியின் குழாய் வெளியே போகாமல் அட்டிக்கிலேயே முடிந்திருந்தால், மாரியில் ஆணி நுனிகளில் உறைபனி பூக்கும். அது உருகிச் சொட்ட, கூரை குழாய்போல ஒழுகுகிறது என்று வீட்டுக்காரர் கூரைக்காரனைக் கூப்பிடுவார்.

மைக்கா மாதிரி மினுங்கும் சின்னச் சின்ன மணிகளைக் கண்டால் கை வைக்காதே. அது வெர்மிகுலைட். மொன்டானாவின் லிபி சுரங்கத்திலிருந்து 1990 வரை வந்ததில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ‘இன்சுலேசன் நன்று’ என்ற அறிக்கையை நம்பி வீடு வாங்கியது. மேலே புதிதாக ஊதிய செலுலோஸைக் கொஞ்சம் விலக்கினால் அடியில் முழுக்க அந்த மணிதான். ஒரு கையளவு விலக்கிப் பார்க்க அந்தப் பரிசோதகருக்குப் பொறுமை இருக்கவில்லை.

என் பக்கச் சாய்வை ஒளிக்கமாட்டேன். நான் மூட்டை பிரித்து வந்தவன். இரண்டாம் கிழமையே மரச் சட்டத்தில் கால் வைக்காமல் சீலிங்கில் வைத்து, ஒரு அம்மாவின் குசினிக்குள் முழங்கால் வரை இறங்கியிருக்கிறேன். அவர் தேத்தண்ணி தந்தார், முதலாளி சம்பளத்தில் வெட்டினார். அன்றைக்குப் பிறகு இருட்டில் சட்டம் எங்கே என்று என் கால் தானாகத் தேடும். அதனால் நான் சொல்வது: முதல் இரண்டு வருடம் குழாயைப் பிடியுங்கள். பிறகு அட்வைசரோ இன்ஸ்பெக்டரோ, எதுவென்றாலும் ஆகுங்கள்.

பெற்றோரே, பிள்ளைக்கு இடுக்குக்குள் மூச்சு முட்டுமென்றால் அவனைத் தள்ளாதீர்கள். அது குறையில்லை, சுபாவம். கோடையில் 50 பாகையைத் தாண்டும் இடத்தில், யாரும் பார்க்காதபோதும் மூலைவரை தவழ்ந்து போகிற குணத்தைப் படிப்பு கொடுக்காது. எந்தத் தொழிலிலும் அப்படி ஒரு மூலை இருக்கிறது.

அந்தப் பெடியனுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: முகமூடி போட்டுக்கொண்டு, ஒரு அடிமட்டத்தோடு தன் வீட்டு அட்டிக்கில் ஏறி, வெர்மிகுலைட் கண்டால் உடனே இறங்கிவிட வேண்டும், இல்லையென்றால் எட்டு இடத்தில் ஆழம் அளந்து எழுதி வர வேண்டும். ஐந்து அளவு அனுப்பியிருக்கிறான். மிச்சம் மூன்றும் ஓரங்கள்.