இழுத்தால் போதுமா? நிறுத்தவும் வேண்டும்!



கெப் வண்டி வாங்கி ஹயர் ஓடும் பிள்ளைகள் இப்போது நம் பக்கத்தில் பலர் இருக்கிறார்கள். கெப்புக்குப் பின்னால் ட்ரெயிலரைக் கொளுவி உரம், விறகு, சீமெந்து, திருவிழாவுக்குக் கதிரை என்று எல்லாம் ஏற்றுகிறார்கள். உழைத்து முன்னேறுவது நல்ல விஷயம்தான். ஆனால் கினிகத்தேனையிலிருந்து வட்டவளை, றொசல்ல, ஹட்டன் என்று ஏறும் நம்முடைய பாதை வளைவும் மழையும் பனிமூட்டமும் நிறைந்தது. ஆகவே இந்த முறை இதைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

"மேட்டுல நல்லா இழுக்குது, பயமில்ல" என்று சொல்வார்கள். மேட்டில் இழுப்பது எஞ்சின். பள்ளத்தில் நிறுத்துவது பிரேக். சின்ன ட்ரெயிலர்களில் பெரும்பாலும் பிரேக் கிடையாது. அதன் பாரத்தையும் கெப்பின் பிரேக்தான் தாங்க வேண்டும்.

முதலில் பாரத்தைக் கணக்குப் பார்ப்போம். உர மூட்டை ஒன்று 50 கிலோ. 20 மூட்டை ஏற்றினால் 1000 கிலோ. 1000 லீட்டர் தண்ணீர் டாங்கியும் அதே பாரம்தான். டாங்கி பாதி நிறைந்திருந்தால் வளைவில் தண்ணீர் அலைந்து வண்டியை ஆட்டும். ஐரோப்பிய நாடுகளில் ட்ரெயிலரும் சுமையும் சேர்ந்து 750 கிலோவுக்கு மேல் அனுமதிக்கப்பட்ட ட்ரெயிலருக்குச் சொந்தமாகப் பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். வெறும் ட்ரெயிலர் 250 கிலோ என்று வைத்தால், அந்தக் கணக்குக்கு 10 மூட்டைதான் ஏற்றலாம். கெப்போடு வரும் புத்தகத்தில், பிரேக் உள்ள ட்ரெயிலருக்கு எவ்வளவு, இல்லாததற்கு எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். அதைப் பார்க்காமல் பாரம் ஏற்ற வேண்டாம்.

அடுத்தது வேகம். 20 கிலோமீட்டர் வேகத்தை 40 ஆக்கினால் பிரேக்குக்கு வேலை இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் பஸ் ஒன்று வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி 7 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். மலைப் பாதை இறக்கம் இரண்டாம் முறை வாய்ப்புத் தராது.

வண்டி ஓட்டும் தம்பிமார் கவனிக்க வேண்டியவை:

1. பாரத்தில் பாதிக்குச் சற்று அதிகமாக ட்ரெயிலரின் முன்பக்கம் இருக்கட்டும். பின்பக்கம் பாரம் கூடினால் ட்ரெயிலர் வாலாட்டும்.
2. கொக்கி, பின், அதன் பூட்டு மூன்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் குறுக்காகப் போடுங்கள்.
3. டயர், பிரேக் லைட், சிக்னல் லைட் பாருங்கள். பனிமூட்டத்தில் பின்னால் வருபவருக்கு அந்த லைட்தான் கண்.
4. இறக்கம் தொடங்குமுன்பே சின்ன கியருக்கு மாற்றுங்கள்.
5. ட்ரெயிலர் ஆடினால் பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள்.
6. மேட்டில் நிறுத்தினால் சில்லுகளுக்குக் கல் வையுங்கள். புறப்படும்போது அந்தக் கல்லைப் பாதையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இனி வீட்டிலுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மலையில் வேலை முடிந்து கூடையோடு நடக்கும்போது நம்ம லயத்துப் பையன் ட்ரெயிலரோடு வந்தால், "தம்பி, கொஞ்சம் லயத்துல இறக்கி விடுங்க" என்று கேட்கத் தோன்றும். கால் வலி எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் ட்ரெயிலரில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரு குலுக்கல் போதும், கீழே விழுபவர் அதன் சில்லுக்குள்ளேயே போய்விடுவார். கொக்கி கழன்றால் ஓட்டுபவர் நினைத்தாலும் நிறுத்த முடியாது. பின்னால் தொங்கி விளையாடும் பிள்ளைகளுக்கும் இதே ஆபத்துத்தான்.

முகத்துக்கு நேரே மறுப்பது அந்தப் பையனுக்குக் கஷ்டம். அதனால் நாமே கேட்காமல் இருப்போம். அவன் மறுத்தால், "பெரிய ஆளாயிட்டான்" என்று குறை சொல்லாமல் இருப்போம். தம்பிமாரே, நீங்களும் அம்மா, மாமி என்று பார்க்காமல் இல்லை என்று சொல்லப் பழகுங்கள்.

ட்ரெயிலர் சாமானுக்கு மட்டும். இதை இன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.