பில்லுக்குப் பின்னால் ஒரு வண்டி

ராசிபுரம்
ஞாயிறு மாலை

அன்புள்ள கண்ணு,

சேலம் இரும்பாலையின் நிதித் துறையில் ஓராண்டு அப்ரண்டிஸாகச் சேரச் சொல்லி உனக்குக் கடிதம் வந்திருக்கிறதென்று உங்கப்பன் போனில் சொன்னான். குரலில் சந்தோஷம் இருந்தது, கூடவே ஒரு குழப்பமும். "அண்ணா, இது வேலையா, படிப்பா?" என்று கேட்டான். அவனுக்குச் சொல்வதைவிட உனக்கே எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பயிற்சிக்காரனாகத் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப் பிரிவிலேயே இருந்தவன் நான். உனக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம் இருக்கிறது.

இது படிப்புதான் கண்ணு. 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம் உன்னைப் பயிற்சியாளர் என்கிறது, தொழிலாளி என்று சொல்லவில்லை. பி.எஃப். பிடித்தம் கிடையாது. ஒரு வருஷம் முடிந்ததும் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உன்னைப் போல பி.காம். முடித்தவர்களுக்கு இந்தக் கதவு நன்றாகத் திறந்ததே 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான். 2019-ல் விதியை மாற்றியபோது பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்தப் பணத்தை நம்பித் தவணையில் எதையும் வாங்காதே. அங்கேயே நிரந்தரமாகிவிடலாம் என்ற கனவில் யாருக்கும் பணிந்து போகவும் வேண்டாம். சான்றிதழ் உன் கைக்கு வரும், அதைவிடப் பெரியது கண்ணால் பார்த்துக் கற்றது. அதை வைத்து நீ எங்கேயும் போகலாம்.

நீ போகும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போ. 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கஞ்சமலை அடிவாரத்திலிருந்து முதல் தகடு வெளியே வர 1981 ஆகிவிட்டது. கஞ்சமலையில் இரும்புத் தாது இருக்கிறது என்றுதான் நம் ஊர்க்காரர்கள் ஆலை கேட்டார்கள். கடைசியில் வந்தது எவர்சில்வர் உருட்டும் ஆலை. அதற்கு வேண்டிய நிக்கலும் குரோமியமும் இந்த மலையில் இல்லை. சொந்தமாக எஃகு உருக்கும் கூடம் 2010-ல்தான் வந்தது. அரசு நாணயச் சாலைகளுக்குக் காசு அடிக்க வில்லை வெட்டிக் கொடுத்திருக்கிறது இந்த ஆலை. முதல் மாதத்திலேயே உன் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போய், உருக்குவதிலிருந்து சுருளாகச் சுற்றிக் கட்டுவது வரைக்கும் ஒரு தடவை நடந்து பார். கணக்குப் பிரிவில் இருபது வருஷம் இருந்தும் பட்டறைக்குள் கால் வைக்காதவர்களை எனக்குத் தெரியும். 'ஸ்கிராப்' என்று சிஸ்டத்தில் ஒரு வரி வந்தால் அவர்களுக்கு அது வெறும் எண். உனக்கு அது எந்த மெஷினின் ஓரத்தில் எவ்வளவு உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அடக்கவிலைக் கணக்கைக் கண்டு மிரளாதே. புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணை வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது புதிதில்லை. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் விலை ஏறினால் உங்கப்பன் முகம் என்ன ஆகும் என்று நீ பார்த்திருக்கிறாய். முட்டைச் செலவில் பெரும்பங்கு தீவனம். எவர்சில்வரில் அந்த இடத்தில் நிக்கல் இருக்கிறது. 304 என்று சொல்லும் ரகத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்குதான் நிக்கல், ஆனால் விலையை ஆட்டி வைப்பது அந்த எட்டுதான். அதன் விலை லண்டன் உலோகச் சந்தையில் தீர்மானமாகிறது. 2022 மார்ச் 8-ம் தேதி ஒரு டன் 1 லட்சம் டாலரைத் தாண்டிப் போய், அன்றைக்கு நடந்த வியாபாரத்தையே அந்தச் சந்தை ரத்து செய்தது. அப்படிப்பட்ட நாளில் குடோனில் கிடக்கும் சரக்குக்கு என்ன விலை போடுவது? அடக்கவிலை, விற்றால் நிகரமாகக் கைக்கு வரும் விலை, இரண்டில் எது குறைவோ அது. கணக்கியல் விதி அவ்வளவுதான். முட்டை ஒருங்கிணைப்புக் குழுவான நெக் ஒரு முட்டை விலை அறிவிக்கிறது, வியாபாரி 'மைனஸ்' போட்டு அதற்கும் கீழே எடுப்பதுண்டு. உங்கப்பன் மனசுக்குள் கணக்குப் போடுவது அந்த மைனஸ் போன பிறகு வரும் விலையில்தானே? அதே விதிதான் இதுவும்.

இனி நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணமான விஷயம். இதை உங்கப்பனிடமும் சொன்னதில்லை.

நான் பயிற்சிக்குச் சேர்ந்தது 1984-ல். எந்த ஆலை என்பது வேண்டாம். லாரி வாடகை பில்களைச் சரிபார்ப்பது என் வேலை. எல்.ஆர். என்னும் லாரி ரசீது, எடைச்சீட்டு, சரக்கு வந்து சேர்ந்ததற்கான முத்திரை, மூன்றும் ஒத்துப் போனால் பில் பாஸ் ஆகும். குறை கண்டுபிடிப்பதில் எனக்குப் பெரிய பெருமை. நல்ல கண் என்று மேலே இருப்பவர்களும் சொன்னார்கள்.

நாமக்கல் பக்கத்து ஆள் ஒருவர், சொந்தமாக ஒரே வண்டி, அவரே ஓட்டுவார். மூன்று நடைக்கு வாடகை பாக்கி. ஒரு எல்.ஆரில் முத்திரை இல்லை. "முத்திரை வாங்கிட்டு வாங்க" என்றேன். வாங்கி வந்தார். அப்புறம்தான் எடைச்சீட்டில் வண்டி எண் ஒரு எழுத்து தப்பு என்பது என் கண்ணில் பட்டது. "இதையும் சரி பண்ணிட்டு அடுத்த வாரம் வாங்க." அவர் ஒன்றும் சொல்லவில்லை, அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் நான் லீவு. பில் என் மேஜை டிராயரில் கிடந்தது. இப்படி ஏழு வாரம்.

பிறகு அவர் வரவில்லை. அவருடைய பில்லை நானே எடுத்துக்கொண்டு போய்ப் பாஸ் பண்ணி வைத்தேன். காசோலை வாங்கிக்கொள்ள அவருடைய மச்சான்தான் வந்தார். "டியூ ரெண்டு நின்னுபோச்சுங்க, பைனான்ஸ்காரங்க வண்டியைத் தூக்கிட்டாங்க" என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. என்னை யார் என்றுகூட அவருக்குத் தெரியாது.

நான் கண்டுபிடித்த குறை எதுவும் பொய்யில்லை கண்ணு. முத்திரை இல்லை, எண் தப்பு, இரண்டும் உண்மை. அலுவலகத்தில் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் முதல் நாளே எல்லாக் காகிதத்தையும் முழுசாகப் பார்த்து, "இந்த இரண்டு குறை இருக்கிறது" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் அவர் ஒரே நடையில் முடித்திருப்பார். நான் அதைச் செய்யவில்லை. நாற்பது வருஷமாக எனக்கு அது மறக்கவில்லை.

இன்றைக்கு உனக்குச் சட்டம் துணை இருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கான 2006-ம் வருஷச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் பணத்தை நிறுத்தக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2024-லிருந்து வருமான வரியிலும் பிடி இறுகியிருக்கிறது. கெடு தாண்டிய தொகையை, கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். ஆகவே உன் மேஜைக்கு ஒரு பில் வந்தால் அனுப்பியவர் சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு பெற்றவரா என்று முதலில் பார். லாரிக்காரர் பில் என்றால் இன்னொன்றும் பார்: பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர் பான் எண்ணோடு அப்படி எழுதிக் கொடுத்தால் அவர் வாடகையில் டி.டி.எஸ். பிடிக்கக் கூடாது. தெரியாமல் பிடித்துவிட்டு, "ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கோங்க" என்று சொல்வது சுலபம். அந்தப் பணம் அவருக்கு டீசல் காசு.

இதைப் படித்துவிட்டு இரக்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடாதே. அரசு நிறுவனம் அது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நியமித்த ஆடிட்டர் பார்ப்பார், அதற்கு மேல் தணிக்கைத் துறையும் பார்க்கும். கொள்முதல் ஆணையில் (பி.ஓ.) உள்ள விலை, உள்ளே வந்த அளவு, பில்லில் போட்ட தொகை, மூன்றும் ஒத்துப் போகாமல் எதையும் மேலே அனுப்பக் கூடாது. புரியாததைப் புரிந்த மாதிரி தலையாட்டவும் கூடாது. பயிற்சிக்காரிக்குக் கேட்கும் உரிமை முழுசாக உண்டு, ஒரு வருஷம் போனால் அதே கேள்வியைக் கேட்க வெட்கமாக இருக்கும். தீபாவளிக்கு ஒப்பந்தக்காரர் யாராவது ஸ்வீட் பாக்ஸ் கொண்டு வந்தால் நின்று மரியாதையாகப் பேசித் திருப்பிக் கொடுத்துவிடு. அவர் பில் உன்னிடம் இருக்கும்வரை அவர் வாங்கித் தரும் டீயும் வேண்டாம்.

இந்தக் கடிதத்தோடு ஒரு நோட்டு அனுப்புகிறேன். முதல் பக்கத்தில் நானே கோடு போட்டிருக்கிறேன்: பில் கைக்கு வந்த தேதி, குறை என்ன, அவருக்கு எழுதிச் சொன்ன தேதி, பாஸ் ஆன தேதி. மூன்றாவது கட்டம் எந்த வரியிலும் காலியாக இருக்கக் கூடாது. முதல் மாதம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு ராசிபுரம் வா. நோட்டையும் எடுத்து வா, சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
பெரியப்பா