இதய மின்வரைபடத்தில் பயனுள்ள கூறுகளைத் தேர்தல்

பாலக்காட்டின் அட்டப்பாடியிலும் இடுக்கியின் மூணாறு, தேவிகுளம் பகுதிகளிலும் மார்வலியுடன் வருபவரை இதய மருத்துவரிடம் சேர்க்க நீண்ட மலைப்பாதையைக் கடக்க வேண்டும். எவரை உடனே அனுப்புவது என்று முடிவு செய்ய இதய மின்வரைபடம் துணைபுரிகிறது.

ஒரே வரைபடத்திலிருந்து கணிப்பொறி நூற்றுக்கணக்கான அளவுகளைத் தருகிறது. அவற்றுள் பயனுள்ளவற்றைத் தேர மூன்று விதிகள் உள்ளன.

முதலாவது, அளவுக்கு உடலியல் காரணம் வேண்டும். தாள் வினாடிக்கு 25 மி.மீ. நகர்கையில் ஒரு சிறு கட்டம் 0.04 வினாடியாகும். கியூ-ஆர்-எஸ் அலைத்தொகுதி மூன்று கட்டங்களுக்கு மேல் அகன்றால், கீழறைகளில் மின்கடத்தல் தாமதமாகிறது எனலாம்.

இரண்டாவது, ஒன்றையே கூறும் இரு அளவுகள் வேண்டா. துடிப்பு வேகம் தெரிந்தபின், துடிப்புகளுக்கிடையேயான சராசரி நேரம் புதிதாக எதையும் உணர்த்தாது.

மூன்றாவது, தேர்ந்த கூறு புதிய நோயாளிகளிடமும் பொருந்த வேண்டும். அமெரிக்காவில் 1980இல் வெளியான எம்.ஐ.டி.–பி.ஐ.எச். தொகுப்பில் சுமார் 1,10,000 துடிப்புகள் உள்ளன. ஆட்களோ 47 பேரே. ஒருவரின் துடிப்புகளையே பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்து வைத்தால், கணிப்பொறி நோயை விடுத்து ஆளையே அடையாளம் காணும். ஆகவே நோயாளிவாரியாகப் பிரித்து, பயிற்சிப் பிரிவிலிருந்தே கூறுகளைத் தேர்தல் வேண்டும்.

மொத்தத் துல்லியம் மட்டும் அளவுகோலாகாது. தேவையின்றி அனுப்பப்படும் தோட்டத் தொழிலாளி ஒரு நாள் கூலியை இழக்கிறார். தவறாக நிறுத்தப்படுபவர் உயிரையே இழக்கக்கூடும். வரைபடம் இயல்பாக இருப்பினும் மாரடைப்பு இல்லையெனத் துணிதல் கூடாது. எனவே கூறுகள் மருத்துவரின் முடிவுக்குத் துணையாகுமேயன்றி மாற்றாகா.