தகுதித் தேர்வும் நாம் செய்யும் தவறும்

ஆசிரியப் பணி நம்மில் பலரின் கனவு. ஆனால் 2010இல் வந்த விதிப்படி, எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கப் பட்டமும் பயிற்சியும் மட்டும் போதா. ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேற வேண்டும்.

தமிழகத்தின் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியோர் 2,448 பேரே. 150 வினாக்களுக்கு ஒன்றரை மணி நேரமே தரப்பட்டிருந்தது. அக்டோபரில் நடந்த மறுதேர்வில் அது மூன்று மணியாயிற்று.

நேரம் கூடினும் நம் தவறு நீங்கிவிடாது. இரண்டாம் தாளில் கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60 மதிப்பெண். குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம் ஒவ்வொன்றுக்கும் 30. பொதுப் பிரிவினர் தேற 90 வேண்டும். ஆக, நம் பாடத்தில் முழு மதிப்பெண் பெற்றாலும் தேற முடியாது!

சென்ற கோடையில் அமிர்தியில், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பழைய வினாத்தாள் ஒன்றை எழுதிப் பார்த்தேன். கணிதம், அறிவியலில் 45. மற்ற மூன்றிலும் சேர்த்து 24. இயற்பியல் மாணவன் என்ற இறுமாப்பு அன்றே அடங்கியது. உயிரியலில் நான் தவறவிட்டவை பள்ளிப் பாடநூலில் உள்ளவையே.

ஆகவே நண்பர்களே, ஆறாம் வகுப்பு நூலிலிருந்தே தொடங்குங்கள். மொழிக்கும் உளவியலுக்கும் நாள்தோறும் ஒரு மணி ஒதுக்குங்கள். கடிகாரம் வைத்து எழுதிப் பழகுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எனவே எவ்வினாவையும் விடாதீர்கள்.

பிள்ளைகள் முன் நிற்கப்போகும் நாம், அவர்களின் நூலை முதலில் படிப்பதுதானே முறை?