மாட்டு நோயும் உலக நாடுகளின் ஒத்துழைப்பும்
(உரும்பிராய்ப் பகுதிக் கமக்காரருக்கான பாடம்)

கமக்காரர்களே,

உரும்பிராய்ச் செம்மண்ணின் வளம் அம்மண்ணில் தானாகப் பிறந்ததன்று. மாட்டெருவும் ஆட்டெருவும் குழையும் தலைமுறை தலைமுறையாக அதிற் சேர்ந்தமையாலேயே வெங்காயமும் மிளகாயும் மரவள்ளியும் வாழையும் அதிற் செழிக்கின்றன. கொட்டிலில் நிற்கும் பசுவுக்கு நோய் வந்தால் பாற்செம்பு மட்டும் வெறுமையாவதில்லை; அடுத்த போகத்துக்கு வேண்டிய எருவும் குறைகின்றது. ஆதலின் கால்நடைச் சுகாதாரம் மாடு வளர்ப்போரின் அலுவல் மட்டுமன்று. நெல்லும் காய்கறியும் பயிரிடுவோர் அனைவரினதும் அலுவலாகும்.

மாட்டு நோய்க்கு வேலி தெரியாது; கடலும் தெரியாது. இதனை உணர்ந்தே உலக நாடுகள் பல ஒன்றுகூடி ஒரு காவலை அமைத்துள்ளன. அக்காவலின் முதற் காவலாளன் யார் என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

கடல் கடந்து வந்த வெக்கை நோய்

வெக்கை நோயைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கடுங்காய்ச்சல் காணும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வாயினுட் புண் உண்டாகும், பின் துர்நாற்றமுள்ள கழிச்சல் தோன்றும், மாடு சில நாட்களில் இறந்துவிடும். முன்னர் இந்நோயை அறியாத மந்தையிற் புகுந்தால் பத்து மாடுகளில் எட்டு, ஒன்பது மடிவதுண்டு. இது மனிதரைத் தொற்றுவதில்லை. ஆனால் உழவு மாடும் கறவை மாடும் அழிந்த இடத்திற் பஞ்சம் பின்தொடர்ந்தது.

இலங்கையில் இந்நோய் 1940 ஆம் ஆண்டுகளில் ஒழிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் அளவில் நாடு அதனை மறந்திருந்தது. 1987 ஆம் ஆண்டில் அது மீண்டும் வந்தது. அக்காலத்தில் வடக்குக் கிழக்கில் நிலைகொண்டிருந்த இந்தியப் படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளுடனேயே அது வந்ததென ஆராய்ந்தோர் கருதுகின்றனர். வெக்கை நோய் ஆடுகளிற் பெரும்பாலும் வெளிப்படத் தோன்றுவதில்லை. பார்வைக்கு நல்ல ஆடு. அதன் மூச்சிலோ நோய். அதிலிருந்து தொற்றிய நோயால் எங்கள் மாடுகளும் எருமைகளும் மடிந்தன. போர்க்காலமாதலின் தடுப்பூசி ஏற்றும் பணியும் எளிதாக இருக்கவில்லை. 1994 ஆம் ஆண்டிலேயே இலங்கையில் இந்நோய் கடைசியாகக் காணப்பட்டது. அதற்கடுத்த ஆண்டில், பாக்குநீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டின் வட ஆர்க்காட்டுப் பகுதியிற் கண்ட நோயே இந்தியாவில் இறுதியானது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. அயல்நாட்டிற் கால்நடைக்கு நோய் இருக்கும் வரை எங்கள் கொட்டிலுக்கு முழுப் பாதுகாப்பு இல்லை. எங்களிடம் நோய் இருக்கும் வரை அயலாருக்கும் பாதுகாப்பு இல்லை.

நாடுகள் ஒன்றுகூடிய வரலாறு

1920 ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து பிறேசில் நாட்டுக்கு அனுப்பப்பட்ட மாடுகள் இடைவழியில் பெல்சியம் நாட்டின் அன்ற்வேர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. அவற்றிலிருந்து வெக்கை நோய் அந்நாட்டு மாடுகளைத் தொற்றியது. ஒரு நாடு தன் எல்லையை மட்டும் காத்தாற் போதாது என்பதை ஐரோப்பிய அரசுகள் அன்று கண்டுகொண்டன. 1924 ஆம் ஆண்டு சனவரி 25 ஆம் நாள் 28 நாடுகள் பாரிசு நகரில் ஓர் உடன்படிக்கை செய்து, விலங்கு நோய்களுக்கென ஒரு சர்வதேசத் தாபனத்தை நிறுவின. இன்று உலக விலங்குச் சுகாதாரத் தாபனம் என வழங்குவது அதுவே. இலங்கை உட்பட நூற்றெண்பதுக்கு மேற்பட்ட நாடுகள் அதில் அங்கம் வகிக்கின்றன.

இத்தாபனத்தின் முதன்மையான விதி மிக எளியது: நோயை மறையாதே. குறித்த கொடிய நோய் ஒன்று ஒரு நாட்டிற் புதிதாகத் தோன்றி உறுதிப்பட்டால், அந்நாடு 24 மணி நேரத்துள் தாபனத்துக்கு அறிவித்தல் வேண்டும். அச்செய்தி உடனே ஏனைய நாடுகளுக்குச் செல்லும். அவை தம் துறைமுகங்களிலும் எல்லைகளிலும் காவலை இறுக்கிக்கொள்ளும்.

வெக்கை நோயை ஒழித்த வரலாறு இவ்வொத்துழைப்பின் பயனைக் காட்டும். 1960 ஆம் ஆண்டளவில் வோல்டர் புளோறைற் என்னும் ஆங்கிலேய மிருக வைத்தியர் கென்யாவில் ஒரு தடுப்பு மருந்தை உருவாக்கினார். அது விலை மலிந்தது. ஒருமுறை ஏற்றினால் நெடுங்காலம் காப்பது. ஆயினும் அதனைக் குளிரில் வைத்தே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. பின்னர் வெப்பத்தைத் தாங்கும் மருந்து ஆயத்தமாயிற்று. அதனை எத்தியோப்பியா, சூடான் முதலிய நாடுகளின் மாடு மேய்ப்போரே பழகி, வைத்தியர் செல்லமுடியாத இடங்களில் தம் மந்தைகளுக்கு ஏற்றினர். எந்த மந்தையில் நோய் இருக்கிறது என்பதையும் அவர்களே அறிந்து சொல்லினர். 2001 ஆம் ஆண்டில் கென்யாவிற் காட்டெருமைகளிற் கண்டதே உலகிற் கடைசியாக அறியப்பட்ட வெக்கை நோய். 2011 ஆம் ஆண்டில் அந்நோய் உலகிலிருந்து அறவே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்குப் பின் மனித முயற்சியால் உலகிலிருந்து ஒழிக்கப்பட்ட நோய் இஃதொன்றே.

இவ்வெற்றியில் மருந்துக்குப் பாதிப் பங்கு; காலத்தாற் சொல்லப்பட்ட செய்திக்கு மறுபாதிப் பங்கு என்று கூறலாம்.

செய்தி செல்லும் வழி

கமக்காரர் மாட்டின் நோய்க்குறியைக் கண்டு பிரிவுக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவிக்கிறார். வைத்தியர் வந்து பார்த்து, வேண்டுமாயின் இரத்தமோ புண்ணின் தோலோ எடுத்து ஆய்வுக்கு அனுப்புகிறார். பேராதனையிலுள்ள கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் முடிவைப் பெற்றுத் தடுப்பு நடவடிக்கை எடுக்கிறது. அங்கிருந்து செய்தி உலகத் தாபனத்துக்குச் செல்கிறது.

இச்சங்கிலியிற் பின்னுள்ள கண்ணிகள் எத்துணை உறுதியாயினும், முதற் கண்ணி அறுந்தால் எதுவும் அசையாது. அம்முதற் கண்ணி நீங்களே. பாரிசு நகரில் இருப்போர் உங்கள் கொட்டிலைக் காணார்.

‘சொன்னாற் பால் வாங்குவோர் வாங்கார், விலைபேசிய நாம்பனை எடுக்கார், அயலார் குறை சொல்வர்’ என்று சிலர் அஞ்சுவதுண்டு. இவ்வச்சம் காரணமற்றதன்று. முதலிற் சொல்பவருக்குச் சில நாள் நட்டம் உண்டாகலாம். ஆனால் மறைப்பதால் வரும் நட்டம் எத்தகையது என்பதை ஓர் உதாரணத்தாற் கருதுக.

ஒருவர் சந்தையில் நாம்பன் ஒன்றை வாங்கிவந்து தம் பசுக்களுடன் கட்டுகிறார். அதனுடலிற் கால்வாய் நோய் புகுந்திருக்கிறது. குறி இன்னும் தோன்றவில்லை. நோய் புகுந்து 2 நாள் முதல் 14 நாள் வரை சென்றபின்னரே குறி தோன்றும். அதற்கு முன்னரே நோயை அது பரப்பத் தொடங்கும். நாலாம் நாள் நாம்பனின் வாயில் நுரை. ‘பார்ப்போம்’ என்று மூன்று நாள் கழிகின்றது. அதற்குள் அவருடைய பசுக்கள் தீனை விட்டுவிட்டன. பால் கறக்க வந்தவர் அடுத்த வீட்டிலும் கறந்தார். வைக்கோல் ஏற்றிய வண்டி இன்னொரு வளவுக்குச் சென்றது. முதல் நாள் ஒரு கொட்டிலில் அடங்கியிருக்கக்கூடிய நோய் ஒரு குறிச்சியின் நோயாயிற்று.

இன்று கவனிக்க வேண்டிய நோய்கள்

கால்வாய் நோய்: காய்ச்சல், வாயில் எச்சில் வடிதல், நாவிலும் முரசிலும் குளம்பிடையிலும் கொப்புளம், நொண்டுதல், பால் திடீரெனக் குறைதல் ஆகியன இதன் குறிகள். வளர்ந்த மாடு பெரும்பாலும் பிழைக்கும், கன்று இறக்கலாம். பிழைத்த மாடும் முன்போற் கறவாது. எருது முன்போல் உழாது. வைத்தியர் குறிக்கும் காலந்தோறும் தடுப்பூசி ஏற்றுவித்தலே சிறந்த காப்பு.

தோலிற் கட்டி உண்டாக்கும் பெரியம்மை: 2020 ஆம் ஆண்டில் இந்நோய் முதன்முறையாக இலங்கையிற் புகுந்து வட மாகாணத்திற் காணப்பட்டது. காய்ச்சலுடன் தோலில் உருண்டையான கட்டிகள் எழும்பும். இலையான், நுளம்பு, உண்ணி என்பன பரப்பும். மனிதரைத் தொற்றாது. சாணக் குவியலை ஒழுங்காக மூடுதலும், மாலையிற் புகையிடுதலும், உண்ணியை நீக்குதலும் துணைபுரியும்.

ஆட்டுக்கொல்லி நோய்: வெக்கை நோயின் நெருங்கிய உறவான வைரசினால் ஆடுகளுக்கு வருவது. காய்ச்சல், மூக்குச்சளி, வாய்ப்புண், கழிச்சல் ஆகியன குறிகள். இந்தியாவில் இது உண்டு. 2030 ஆம் ஆண்டுக்குள் இதனை உலகிலிருந்து ஒழிக்க உலக விலங்குச் சுகாதாரத் தாபனமும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாயத் தாபனமும் குறிக்கோள் கொண்டுள்ளன. அனுமதியின்றிப் படகிற் கொண்டுவரப்படும் ஆடு எவ்வளவு மலிவாயினும் அதனை வாங்கற்க. 1987 ஆம் ஆண்டை நினைக்க.

நோய்க்குறி கண்டால் செய்ய வேண்டியவை

1. நோயுற்ற மாட்டை உடனே வேறாகக் கட்டுக. அதற்கெனத் தனி வாளியும் தனிக் கயிறும் வைத்திடுக.

2. அன்றே கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவிக்க. என்று குறி கண்டது, எத்தனை மாடுகளுக்கு உண்டு, அண்மையில் எங்கிருந்து மாடு வாங்கப்பட்டது என்பவற்றைத் தெளிவாகச் சொல்லுக.

3. வைத்தியர் சொல்லும் வரை அவ்வளவிலிருந்து மாட்டையோ ஆட்டையோ விற்கவும், மேய்ச்சலுக்கு விடவும், சினைப்படுத்தக் கொண்டுசெல்லவும் வேண்டாம்.

4. நலமுள்ள பசுக்களை முதலிற் கறந்து, நோயுற்றதை இறுதியிற் கறக்க. கறந்தபின் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. எந்தப் பசுவின் பாலையும் காய்ச்சியே பருகுக.

5. கால்வாய் நோயாயின், சாணத்தை வழித்தபின் 10 இலீற்றர் நீரில் 400 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்து நிலத்தையும் வாளியையும் செருப்பையும் கழுவுக.

6. நோய்க்கொட்டிலின் எருவை உடனே தோட்டத்துக்கு எடுக்க வேண்டாம். ஒதுக்கமாகக் குவித்து மூடி, வைத்தியர் சொன்ன பின்னரே எடுக்க. தோட்டத்திற் பட்டி அடைப்பிக்கும்போது அம்மந்தை நோயற்றதா என முன்னரே விசாரித்தறிக.

7. இறந்த மாட்டைப் பாழ்ங்கிணற்றிலோ வெளியிலோ எறியவே கூடாது. எங்கள் செம்மண்ணின் கீழ் இருப்பது வெடிப்பும் துளையுமுள்ள சுண்ணாம்புக்கல். மேலே புதைத்ததன் கழிவு கீழே கிணற்று நீரிற் கலக்கும். அந்நீரையே நாம் குடிக்கிறோம், பயிருக்கும் இறைக்கிறோம். ஆதலின் புதைக்கும் இடத்தையும் முறையையும் கால்நடை வைத்தியரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டறிந்து செய்க.

8. புதிதாக வாங்கிய மாட்டை நான்கு வாரம் தனியே வைத்துப் பார்த்தபின் மற்றவற்றுடன் சேர்க்க.

நோயற்ற மாட்டுக்கும் நலம் வேண்டும்

உலகத் தாபனம் நோயைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. 2005 ஆம் ஆண்டு முதல் விலங்குகளின் நலனுக்கும் விதிகள் வகுத்துவருகின்றது. பசியும் தாகமும் இன்மை, உடல் வருத்தமின்மை, நோவும் நோயும் இன்மை, அச்சமின்மை, தன் இயல்புக்கேற்ப நடக்க இடமுண்மை என்னும் ஐந்தும் அவற்றுக்கு அடிப்படை. இவை எங்கள் மூதாதையர் அறியாதவை அல்ல. மாட்டுப்பொங்கலன்று ஒரு நாள் செய்யும் உபசாரத்தை ஆண்டு முழுவதும் செய்தலே இதன் கருத்தாகும்.

2022 ஆம் ஆண்டு மார்கழியிற் புயலுடன் வந்த கடுங்குளிரால் வடக்கிலும் கிழக்கிலும் பல நூறு மாடுகளும் ஆடுகளும் இறந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கொள்ளைநோயோ என்ற ஐயத்தால் அப்போது இறைச்சி கொண்டுசெல்வதும் தடுக்கப்பட்டது. இறந்தவற்றைச் சோதித்தபின் குளிரே காரணமென அதிகாரிகள் அறிவித்தனர். இரண்டு பாடங்கள் இதில் உண்டு. சோதித்தாலன்றி நோயையும் குளிரையும் பிரித்தறிய முடியாது என்பது ஒன்று. காற்றையும் மழையையும் மறைக்கும் ஒரு கிடுகு வேலியும், நனையாத தரையும், போதிய வைக்கோலும் இருந்திருந்தாற் பல உயிர்கள் தப்பியிருக்கும் என்பது மற்றொன்று.

மாரி தொடங்குமுன் கொட்டிலின் வாடைப்பக்கத்தை மறைத்திடுக. கோடையில் நிழலிற் கட்டி, நாளில் இருமுறையாயினும் நிறைந்த தண்ணீர் வைத்திடுக. குறுங்கயிற்றில் வெயிலிற் கட்டிய மாடு மெலியும். மெலிந்த மாட்டை நோய் எளிதிற் பற்றும்.

முடிவுரை

வெக்கை நோயை ஒழித்தவர்களுள் ஆராய்ச்சிக்கூடத்து அறிஞர் சிலர். மந்தை ஓட்டியவர் பலர். அப்பலரின் பெயர் எவ்வேட்டிலும் இல்லை. ஆயினும் அவர்கள் காலத்தாற் சொன்ன சொல்லே நோயின் வழியை அடைத்தது. நாளைக் காலை கொட்டிலுக்குச் செல்லும்போது ஒவ்வொரு மாட்டின் வாயையும் குளம்பையும் தோலையும் ஒருமுறை பார்ப்பீர்களாக. ஐயம் உண்டாயின் அன்றே அறிவிப்பீர்களாக. உங்கள் கொட்டிலும், அயலார் கொட்டிலும், கடலுக்கப்பாலுள்ள ஒருவரின் கொட்டிலும் அதனாற் காக்கப்படும்.