மிதித்தால் மிதக்கும் வீடு

நுழையும்முன்

தரையில் உருள வேண்டும். நீரில் மிதக்க வேண்டும். இரவில் உறங்க இடம் தர வேண்டும். எரிபொருள் கூடாது, ஓட்டுபவரின் கால்களே அதற்குப் பொறி. இத்தகைய ஊர்தியை வீட்டுப் பட்டறையில் உருவாக்க இயலுமா? இயலும். ஆனால், அதற்குக் கைத்திறனோடு கணக்கும் வேண்டும். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுப்பது என்று முடிவு செய்வதே நல்ல வடிவமைப்பின் உயிர் என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வெள்ளம் தந்த விதை

1975ஆம் ஆண்டு பீகார் மாநிலத்தின் கிழக்குச் சம்பாரண் பகுதியை வெள்ளம் சூழ்ந்தது. ஆற்றைக் கடக்கப் படகை நம்பிக் காத்திருக்க வேண்டிய நிலை. சாலையில் ஓடும் மிதிவண்டி நீரிலும் ஓடினால் என்ன என்று மோதிஹாரியை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த முகமது சைதுல்லா எண்ணினார். பொறியியல் பட்டம் பெறாத அவர், தம் மிதிவண்டியில் காற்றடைத்த நான்கு மிதவைகளைப் பொருத்தினார். பின்சக்கரத்தின் கம்பிகளில் விசிறித் தகடுகளை இணைத்தார். சக்கரம் சுழலும்போது தகடுகள் நீரைத் தள்ளின, வண்டி முன்னேறியது. பாட்னாவில் கங்கையாற்றையே அவர் அவ்வண்டியில் கடந்து காட்டினார். தேசியப் புத்தாக்க அறக்கட்டளை 2005ஆம் ஆண்டு வாழ்நாள் சாதனை விருது அளித்து அவரைச் சிறப்பித்தது.

சைதுல்லா புதிதாக ஒரு படகைக் கட்டவில்லை. தரையில் பயன்படும் அதே மிதிகட்டை, அதே சங்கிலி, அதே சக்கரம் ஆகியவற்றையே நீரிலும் பயன்படுத்தினார். கூடுதலாகச் சேர்த்தவை மிகச் சில. அந்தச் சிக்கனமே அவருடைய வடிவமைப்பின் வெற்றி. அவ்வண்டியோடு ஓர் உறங்கும் அறையையும் சேர்க்க விரும்பினால் என்னென்ன சிக்கல்கள் எழும் என்று காண்போம்.

கால்களின் ஆற்றல்

எந்த ஊர்தியின் வடிவமைப்பும் அதன் பொறியிலிருந்தே தொடங்க வேண்டும். உடல்நலம் உள்ள ஒருவர் சில மணி நேரம் தொடர்ந்து மிதிக்கும்போது வெளிப்படுத்தும் ஆற்றல் ஏறத்தாழ 75 முதல் 100 வாட் வரை ஆகும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆகவே, மனிதக் கால்களின் ஆற்றல் ஒரு குதிரைத்திறனில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவே. மகிழுந்து இழுக்கும் தங்கும் வண்டியைச் சிறிதாக்கி, அதில் மிதிகட்டையைப் பொருத்திவிடலாம் என்று எண்ணுவோர் இந்த இடத்திலேயே தோற்றுவிடுகின்றனர்.

எடை என்னும் எதிரி

ஒருவர் மட்டும் பயணம் செய்யும் ஊர்தியை எடுத்துக்கொள்வோம். பயணியின் எடை 65 கிலோகிராம். மிதவைப் பகுதியும் அறையும் 60. சட்டகம், சக்கரங்கள், சங்கிலி ஆகியவை 45. உணவு, குடிநீர், படுக்கை முதலியவை 30. மொத்தம் 200 கிலோகிராம்.

நூறு மீட்டர் தொலைவுக்கு ஐந்து மீட்டர் உயரும் மேட்டில் இவ்வூர்தி ஏறுவதாகக் கொள்வோம். புவியீர்ப்பை எதிர்த்து ஏற மட்டும் ஏறத்தாழ 98 நியூட்டன் விசை தேவை. 100 வாட் ஆற்றலைக் கொண்டு இவ்விசைக்கு எதிராக ஒரு நொடிக்கு ஒரு மீட்டர் அளவே முன்னேறலாம். அதாவது, மணிக்கு 3.6 கிலோமீட்டர், நடந்து செல்பவர் நம்மைத் தாண்டிச் சென்றுவிடுவார். மொத்த எடை 300 கிலோகிராம் ஆனால் வேகம் 2.4 கிலோமீட்டராகக் குறையும். 150 ஆனால் 4.9 ஆகக் கூடும். குறைக்கும் ஒவ்வொரு கிலோகிராமும் கால்களுக்குக் கிடைக்கும் கூலியாகும்.

இந்த மெதுவான வேகம் மேலும் இரண்டு முடிவுகளைத் தருகிறது. முதலாவது, இத்துணை மெதுவாகச் செல்லும்போது இருசக்கர வண்டி நிலைகொள்ளாது. குறைந்தது மூன்று சக்கரங்கள் வேண்டும். இரண்டாவது, பற்சக்கரங்களை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிதிகட்டையோடு இணைந்த பற்சக்கரத்தில் 22 பற்களும், பின்சக்கரத்தின் பெரிய பற்சக்கரத்தில் 34 பற்களும், சக்கரத்தின் சுற்றளவு 1.5 மீட்டரும் இருப்பின், ஒரு மிதிச்சுற்றுக்கு ஊர்தி 97 சென்டிமீட்டர் நகரும். நிமிடத்திற்கு 60 முறை மிதித்தால் மணிக்கு 3.5 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். மேட்டில் ஏற நமக்குக் கிடைத்த வேகமும் ஏறக்குறைய அதுவே.

மிதத்தலும் கவிழாமையும்

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை இடம்பெயர்க்கும் என்பது ஆர்க்கிமிடிஸ் கண்ட உண்மை. ஒரு லிட்டர் நன்னீரின் எடை ஒரு கிலோகிராம். எனவே, நம் ஊர்தி 200 லிட்டர் நீரை இடம்பெயர்க்க வேண்டும். தட்டையான அடிப்பகுதி 3 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்டிருந்தால், அது 5.6 சென்டிமீட்டர் ஆழமே நீரில் அமிழும். ஆகவே, மிதப்பது எளிது. கவிழாமல் மிதப்பதே அரிது.

கவிழாமைக்கு அகலம் முதன்மையானது. அடிப்பகுதியின் அகலத்தை ஒன்றரை மடங்காக்கினால், எடையும் நீளமும் மாறாதபோது, சாய்வை எதிர்த்து நிமிர்த்தும் தன்மை மூன்று மடங்குக்கும் மேலாகப் பெருகும். முழு அடிப்பகுதியையும் அகலமாக்காமல், இரண்டு ஒடுங்கிய மிதவைகளை இடைவெளிவிட்டு இணைத்தும் இப்பயனைப் பெறலாம். இவ்வாறு இரட்டை உடல் கொண்ட படகுகளை ஆங்கிலத்தில் வழங்கும் 'கட்டமரான்' என்னும் சொல், கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல்லிலிருந்து பிறந்தது.

அடுத்தது ஈர்ப்பு மையம். மிதிவண்டியில் அமர்வதுபோல் உயரத்தில் அமர்ந்து மிதித்தால், உடல் எடை முழுவதும் மேலே நிற்கும். கால்களை முன்னே நீட்டிச் சாய்ந்து அமரும் தாழ்ந்த இருக்கையே இதற்கு ஏற்றது. குடிநீர்க் கலன்களையும் அடித்தளத்தை ஒட்டியே வைக்க வேண்டும்.

மிகப் பெரிய இடர் உள்ளே புகும் நீர். நாம் எடுத்துக்கொண்ட அடித்தளத்தில் இரண்டு சென்டிமீட்டர் நீர் தேங்கினால், அதன் எடை 72 கிலோகிராம். இன்னொரு மனிதர் ஏறியதற்கு ஒப்பாகும். அம்மனிதராவது ஓரிடத்தில் அமர்ந்திருப்பார். நீரோ ஊர்தி சாயும் பக்கமெல்லாம் ஓடி, சாய்வை மேலும் பெருக்கும். எனவே, உட்பகுதியைத் தடுப்புகளால் பல அறைகளாகப் பிரித்து, அவற்றுள் சிலவற்றை நீர் உறிஞ்சாத நுரைப்பலகையால் நிரப்ப வேண்டும். ஓர் அறை உடைந்தாலும் மற்றவை தாங்கும்.

வீட்டைச் சுமப்பதா, விரிப்பதா?

உறங்கும் அறைக்கு மரப்பலகைச் சுவர் வேண்டும் என்றே முதலில் தோன்றும். மூன்று சதுர மீட்டர் பரப்புள்ள பக்கச்சுவரின்மீது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று மோதினால், 100 நியூட்டனுக்கும் மிகுந்த விசை அதனைத் தள்ளும். நீரில் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, 100 வாட் ஆற்றலில் சிறிதும் வீணாகாவிட்டாலும், நமக்குக் கிடைக்கும் உந்துவிசை 90 நியூட்டனே. காற்று வெல்லும், ஊர்தி கரையைவிட்டு விலகி அடித்துச் செல்லப்படலாம்.

இதற்குத் தீர்வு, வீட்டைச் சுமக்காமல் விரிப்பதாகும். பயணத்தின்போது தாழ்வாக மடிந்திருந்து, கரையில் தங்கும்போது வளைகம்பிகளின்மேல் விரியும் துணிக்கூரை போதும். எடை குறைகிறது, காற்றின் பிடி தளர்கிறது, ஈர்ப்பு மையமும் தாழ்கிறது. சுவர் ஒன்றை விடுத்ததால் மூன்று சிக்கல்கள் தீர்ந்தன.

தகடா, விசிறியா?

நீரில் வேகத்தை இருமடங்காக்க ஏறத்தாழ எட்டு மடங்கு ஆற்றல் தேவைப்படும். எனவே, நீரில் விரைவை நாடாமல், கிடைக்கும் ஆற்றலை வீணாக்காமல் இருப்பதே அறிவுடைமை. சைதுல்லாவைப் போலச் சக்கரத்தில் தகடுகளைப் பொருத்துவது எளிது. பழுதானாலும் தாமே சரிசெய்யலாம். ஆயினும், தகடுகள் நீரில் நுழைந்து வெளியேறும்போது ஆற்றலின் ஒரு பகுதி சிதறலாய் வீணாகும். நீருக்கடியில் சுழலும் உந்துவிசிறி ஆற்றலைச் சிறப்பாகப் பயன்படுத்தும். ஆனால், ஆழம் குறைந்த இடத்தில் கல்லில் மோதும். கரையேறும்போது அதனை மேலே தூக்கும் அமைப்பும் வேண்டும். அடிக்கடி கரையேறும் ஊர்திக்குத் தகடும், நெடுந்தொலைவு நீரிலேயே செல்லும் ஊர்திக்கு விசிறியும் பொருந்தும்.

தரையும் நீரும் சந்திக்கும் சேற்றிலும் மணலிலும்தான் இத்தகைய ஊர்திகள் பெரிதும் திணறுகின்றன. அகன்ற சக்கரங்கள் எடையைப் பரப்பி, அவை புதையாமல் காக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஹம்போல்ட் பகுதியில் 1969இல் ஹோபார்ட் பிரவுன் என்னும் சிற்பியின் முயற்சியால் தோன்றிய பந்தயம் இதற்குச் சான்று. மனித ஆற்றலால் மட்டுமே இயங்கும் விந்தையான ஊர்திகள் மூன்று நாள்கள் சாலை, மணல்மேடு, சேறு, நீர் ஆகிய அனைத்தையும் அதில் கடக்கின்றன.

தெரிந்து தெளிவோம்

ஜேசன் லூயிஸ், ஸ்டீவ் ஸ்மித் ஆகிய இங்கிலாந்து நாட்டினர் 'மோக்ஷா' என்னும் மிதிபடகில் 1994–95இல் போர்ச்சுகலின் லாகோஸ் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவின் மயாமி வரை அட்லாண்டிக் பெருங்கடலை 111 நாள்களில் கடந்தனர். ஒருவர் மிதிக்க, மற்றவர் உறங்கும் வகையில் ஏறத்தாழ 8 மீட்டர் நீளத்தில் அப்படகு அமைந்திருந்தது. மனித ஆற்றலாலேயே உலகைச் சுற்றும் பயணத்தை லூயிஸ் 2007இல் நிறைவு செய்தார்.

நீருக்கு முன் பணிவு

கட்டி முடித்தவுடன் ஆற்றில் இறக்குவது அறியாமை. முதலில் பயணியின் எடைக்கு ஈடான மணல் மூட்டைகளை ஏற்றி, முழங்கால் ஆழ அமைதியான நீரில் மிதக்கவிட வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்த்து, தானே நிமிர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருமணி நேரம் கழித்து உள்ளே ஈரம் உள்ளதா என்று தடவிப் பார்க்க வேண்டும். அதன்பின்னரே, பெரியோர் துணையுடன், உயிர்காப்பு அங்கி அணிந்து, கரையில் கயிறு பிடித்த ஒருவர் நிற்க, மனிதர் ஏறலாம். தரையில் பிழை நேர்ந்தால் ஊர்தி நின்றுவிடும்; நீரில் பிழை நேர்ந்தால் உயிர் போகலாம்.

விரைவு, சுவர், கூடுதல் உடைமை ஆகியவற்றை ஒவ்வொன்றாக விடுத்தபின் எஞ்சி நிற்பது எளிய ஊர்தி. அதனைத் தன் கால்களால் இயக்க முடிகிறது. பழுதானால் தன் கைகளால் சரிசெய்ய முடிகிறது. வெள்ளம் சூழ்ந்த ஊரில் சைதுல்லாவுக்குத் தேவைப்பட்டதும் அத்தகைய ஊர்தியே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் புத்தகப்பையின் எடையைக் கண்டறிந்து, அது நீரில் மிதக்க எத்தனை லிட்டர் நீரை இடம்பெயர்க்க வேண்டும் எனக் கணக்கிடுக.
2. அகன்ற தட்டு, ஒடுங்கிய கிண்ணம் ஆகியவற்றில் ஒரே எடையை ஏற்றி நீரில் மிதக்கவிட்டு, எது எளிதில் சாய்கிறது என உற்றுநோக்கிக் குறிப்பு எழுதுக.
3. 'விடுப்பதே வடிவமைப்பு' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.